டூர் எங்கே போகலாம்?

ஒரு கடையிலோ அலுவலகத்திலோ எத்தனை விதமான மனிதர்கள் வேலைபார்க்கிறார்கள் என்பது சம்பளப் பட்டியலில் தெரியாது. வருடாந்திர டூர் பற்றிப் பேச்செடுத்தால் தெரிந்துவிடும். ‘வண்டர்லா போகலாம்’ என்று ஒருவர் கேளிக்கைப் பூங்காவின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் வயது, வருமானம், மதம், உடல்நிலை, வீட்டுப் பொறுப்பு எல்லாம் அந்தப் பேச்சுக்குள் நுழைந்துவிடும். ஆனால் யாரும் அதைப் பெயர்சொல்லிப் பேசமாட்டார்கள். ‘எனக்குத் தண்ணி ஒத்துக்காது’, ‘வீட்ல ஆளில்ல’, ‘நீங்க போயிட்டு வாங்க’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வார்கள். இப்படி ஒதுங்குகிறவர்கள் யார், ஏன் ஒதுங்குகிறார்கள் என்று கேட்காமல் பணியிடப் பன்மை பற்றி எத்தனை வகுப்பு நடத்தினாலும் பயனில்லை என்று நான் நம்புகிறேன். அதனால்தான், விளையாட்டாகத் தோன்றும் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கே பன்மை என்றதும் பலருக்கு 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் எனும் ஐ.டி. வளாகம்தான் நினைவுக்கு வரும். பல மாநிலத்தவர், பல மொழியினர், அதற்கென்று மனிதவளத் துறை, அந்தத் துறை நடத்தும் பயிற்சி வகுப்பு. ஆனால் பலதரப்பட்ட மக்கள் தோளோடு தோள் உரசி வேலைபார்க்கும் வழக்கம் இந்நகரத்தில் அதைவிட இரண்டு நூற்றாண்டு மூத்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெரு, கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி இன்றும் நெரிசலோடு நீண்டு கிடக்கிறது. பலசரக்கு, பாத்திரம், பூ, நாட்டுமருந்து, இரும்பு, துணி என எல்லாவற்றுக்கும் தனித்தனி வரிசை. தமிழர்களும் மலையாளிகளும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை போட்டிருக்கிறார்கள். தமிழ் வழியில் படிக்க அரசுப் பள்ளியும் இருக்கிறது. இந்தத் தெருவில் கடை நடத்திக்கொண்டே ஆ. மாதவன் எழுதிய கதைகளில் சுமை தூக்குகிறவர்களும் எடுபிடிப் பையன்களும் பிழைப்புக்கு வழியற்றவர்களும்தான் மையப் பாத்திரங்கள். 2015-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற அவர் 2021 ஜனவரியில் காலமானார். இந்தத் தெருவின் மனிதர்களைப் படிக்க வேண்டுமென்றால் இன்றும் அவரிடம்தான் போகவேண்டும்.

இப்போது இன்னொரு அடுக்கும் சேர்ந்திருக்கிறது. வங்கம், அசாம், பீகார் பக்கத்திலிருந்து வந்த பையன்கள் குடோன்களில் மூட்டை அடுக்குகிறார்கள். கேரள அரசு இவர்களை ‘அதிதி தொழிலாளர்’, அதாவது விருந்தினர் தொழிலாளர் என்கிறது. தெருவில் இவர்கள் எல்லோரையும் ‘பெங்காலி’ என்றே கூப்பிடுகிறார்கள். ஒரே கடைக்குள் பேரம் மலையாளத்தில், கணக்கு தமிழில், குடோன் வேலை உடைந்த இந்தியில் நடப்பதைப் பார்க்கலாம். 

ஓணம் விற்பனை முடிந்த ஒரு மாலை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு பலசரக்குக் கடையில் டூர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் மகன் கொச்சி வண்டர்லா என்றார். நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வரும் கணக்கப்பிள்ளை, “தம்பி, எனக்கு இந்த ஊஞ்சல் ராட்டினமெல்லாம் தல சுத்தும். திருச்செந்தூர் போனா ஒரு கும்பிடு போட்டுட்டு வரலாம்லா” என்றார். பொட்டலம் கட்டும் பெண்மணி சிரித்தாரே தவிர எதுவும் சொல்லவில்லை. “சேச்சி வருவீங்கதானே?” என்று கேட்டதற்கு, “பாக்கலாம் மோனே” என்று தராசைத் துடைக்கப் போய்விட்டார். மூலையில் சாக்கு மடித்துக்கொண்டிருந்த வங்காளிப் பையனை யாரும் கேட்கவில்லை. வண்டியில் இடம் இருக்கும். கேட்டால் வேண்டாம் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். அவன் பெயர் அந்தப் பேச்சில் வரவே இல்லை, அவ்வளவுதான்.

இந்தச் சின்னப் பேச்சில் இருக்கும் கருத்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், பூங்காவுக்குப் போகலாம் என்பவர்களின் பக்கம். இந்தப் பக்கத்துக்கு இருக்கும் வலு பலர் நினைப்பதைவிடப் பெரியது. டூர் என்றாலே பழனி, வேளாங்கண்ணி, ஏர்வாடி என்று இருந்த காலம் உண்டு. ஒரே மதத்தவர் வேலைபார்க்கும் கடைக்கு அது பொருந்தும். சாலைக் கடைத்தெரு போன்ற இடத்தில் பொருந்தாது; எந்தக் கோயிலுக்குப் போனாலும் இரண்டு பேர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பூங்காவில் அந்தச் சங்கடம் கிடையாது. கும்பிட வேண்டிய தெய்வமும் இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்க வேண்டியவரும் இல்லை.

நம் பக்கத்துப் பூங்காக்களின் வரலாறும் இரு மாநிலங்களும் ஒன்றோடொன்று கலந்த கதைதான். சென்னை தாம்பரம் அருகே 1995-ல் வந்த கிஷ்கிந்தாவை உருவாக்கியவர் நவோதயா அப்பச்சன். 1984-ல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தா’னைத் தயாரித்த மலையாளி. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கு பாலக்காட்டிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். 2000-ல் வி-கார்டு நிறுவனர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி கொச்சி பள்ளிக்கரையில் வீகாலேண்டைத் திறந்ததும் போக்குவரத்து எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது. பிறகு அது வண்டர்லா ஆகி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் என்று பரவி, 2025 டிசம்பரில் திருப்போரூருக்கு அருகே இள்ளலூரில் சென்னைக் கிளையும் வந்துவிட்டது. திருவனந்தபுரத்துக்காரருக்குப் பக்கத்தில் என்றால் வெம்பாயம் ஹேப்பிலேண்ட், கன்னியாகுமரி பேவாட்ச். கொச்சி என்றால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். விடியுமுன் வண்டி ஏற வேண்டும்.

பூங்காவின் பக்கம் நின்று சொல்ல இன்னும் கனமான ஒன்று இருக்கிறது. அது தண்ணீர்.

திருவிதாங்கூரில் குளமும் கிணறும் வழியும் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்தன. 1893-ல் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த வெங்ஙானூர்க்காரர் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுவழியில் போனதே பெரும் போராட்டமாக இருந்த மண் இது. மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் சவதார் குளத்து நீரை அம்பேத்கர் தலைமையில் மக்கள் அள்ளிக் குடித்தது 1927-ல். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கோயில் கதவு திறந்தது 1936 நவம்பர் 12-ல். அந்தப் பின்னணியோடு ஓர் அலைக்குளத்தைப் பார்க்க வேண்டும். சைரன் ஒலித்ததும் கழுத்தளவு தண்ணீரில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாகக் குதிக்கிறார்கள். முதலாளியும் மூட்டை தூக்குகிறவரும் ஒரே அலையில் தடுமாறி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். யார் தொட்ட தண்ணீர் யார்மேல் தெறித்தது என்று அங்கே எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. நம் பாட்டன் காலத்தில் இது கற்பனைக்கும் எட்டாத காட்சி. ‘காசைத் தண்ணியில கொட்டுற வேலை’ என்று பூங்காவை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

அமெரிக்காவில் இதே சண்டை பூங்கா வாசலிலேயே நடந்தது. வாஷிங்டனுக்கு அருகே மேரிலாந்தில் இருந்த கிளென் எக்கோ பூங்கா வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்தது. 1960-ல் மாணவர்கள் ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்து கைதானார்கள், அடுத்த ஆண்டு எல்லோருக்கும் திறந்துவிட வேண்டியதாயிற்று. மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், காத்திருக்கச் சொல்லும் நல்லவர்களுக்குப் பதில் சொல்லும்போது தன் ஆறு வயது மகளைக் குறிப்பிடுகிறார். தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்துவிட்டு ஃபன்டவுன் பூங்காவுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறாள் குழந்தை. கறுப்புக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை என்று தகப்பன் விளக்க வேண்டியிருக்கிறது. உரிமை பற்றிய அத்தனை பெரிய வாதத்துக்குள் ஒரு பூங்கா வந்து நிற்கிறது. உல்லாசம் அற்ப விஷயம் என்று எண்ணுகிறவர்கள் அந்தக் கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

எனவே ‘பூங்கா வேண்டாம்’ என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் சாதி கேட்காத வாசலில் வேறு சில கேள்விகள் கேட்கப்படுகின்றன.

பெண்கள் சொல்லும் தயக்கத்தில் முதல் இடம் உடைக்கு. புடவை, வேட்டி, பருத்திச் சுடிதார் எதுவும் நீர் விளையாட்டுக்கு ஆகாது என்பது பூங்காக்களின் விதி. நைலான் வகை உடை வேண்டும். பாதுகாப்புக்கும் தண்ணீரின் சுத்தத்துக்கும் அது தேவை என்கிறார்கள், சரிதான். ஆனால் தினமும் புடவையில் பார்க்கும் சக ஊழியர்கள் முன்னால், வாடகைக்கு எடுத்த, உடம்போடு ஒட்டும் ஈர உடையில் நிற்க ஐம்பது வயதுப் பெண்ணுக்குக் கூச்சம் இருக்காதா? அதுவும் எல்லார் கையிலும் கேமரா இருக்கும் காலம். அன்றிரவே அந்தப் படம் கடை வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். மாதவிலக்கு நாளாக இருந்தால், அதை யாரிடமும் சொல்ல முடியாமல் ‘தலைவலி’ என்று கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தென் திருவிதாங்கூரில் பெண்ணின் உடை எப்போதுமே பிறர் தீர்மானிக்கும் விஷயமாக இருந்தது. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டு அடிபட்டுப் போராடிய பிறகுதான் 1859 ஜூலையில் அரச விளம்பரம் வந்தது. அதிலும்கூட மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்களின் வழித்தோன்றல்கள்தான் இன்று களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து சாலைக் கடைகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். ‘இதென்ன பழங்காலக் கூச்சம்’ என்று அவர்களிடம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. உடுக்கவும் உடுக்காமலிருக்கவும் முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். பிரான்சில் 2022-ல், முழு உடலை மூடும் நீச்சல் உடையைப் பொதுக் குளங்களில் அனுமதிக்க கிரெனோபிள் நகராட்சி முன்வந்தது. அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதைத் தடுத்தது. நம் பூங்காக்கள் இந்த ஒரு விஷயத்தில் அவர்களைவிடத் தாராளமானவை. முழுக்கை, முழுக்கால் நைலான் உடையோடு முஸ்லிம் பெண்கள் குடும்பத்தோடு இறங்குவதைக் கேரளத்தில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை தொடர்பாக ஊழியர் போகும் இடத்தையும், முதலாளி ஏற்பாடு செய்யும் வண்டியையும் பணியிடம் என்றே கருதுகிறது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலைபார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும்; அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் தரலாம். டூர் பஸ்ஸில் பின் இருக்கையில் நடந்தது ‘சும்மா ஜாலி’ என்று தப்பிக்க இடமில்லை. இதைப் புறப்படுவதற்கு முன் எல்லோர் முன்னிலையிலும் ஒரு தடவை சொல்லிவிட்டால், ‘வீட்ல விடமாட்டாங்க’ என்று ஒதுங்கும் பெண்களில் சிலராவது வருவார்கள்.

அடுத்தது கால். துணிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலைபார்க்கிறார்கள். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-ல் சென்னை ரங்கநாதன் தெருவை வைத்து இதைத் தமிழர்களுக்குக் காட்டியது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண்மணி தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பு, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடியது. அதன் பலனாக 2018-ல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு உட்கார இடம் தருவதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் அதே வழியில் திருத்தம் கொண்டுவந்தது. ஆறு நாள் நின்றவரை ஏழாவது நாள் வெயிலில் ராட்டின வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு, அதை ஓய்வு என்று சொன்னால் அவர் எப்படி ஏற்பார்? ‘பீச்சுல சும்மா உக்காந்திருந்தா போதும்’ என்று சங்குமுகத்தைச் சொல்கிற பெண்கள் ரசனை இல்லாதவர்கள் அல்லர். அவர்கள் தங்கள் முழங்காலின் சார்பில் பேசுகிறார்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. டிக்கெட்டை முதலாளி எடுத்தாலும் உடை வாடகை, லாக்கர், உள்ளே விற்கும் சாப்பாடு, பிள்ளைக்கு வாங்கும் தின்பண்டம் எல்லாம் சொந்தக் கை. குடும்பத்தையும் அழைத்து வரலாம் என்றால் செலவு இன்னும் ஏறும். ஆனால் பணத்துக்கு அப்பால் ஒன்று இருக்கிறது: யார் ‘நம்ம ஆள்’ என்ற கணக்கு. சாலைக் கடைத்தெருவில் சரக்கு இறக்குகிறவர்கள் 1978-ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டப்படிப் பதிவு பெற்றவர்கள். தொழிற்சங்கமும் நல வாரியமும் உண்டு, ஆனால் எந்தக் கடையின் ஊழியரும் அல்லர். வருடம் முழுக்க ஒரே கடைக்கு மூட்டை இறக்குகிறவர் அந்தக் கடை டூரில் இல்லை. அதிதி தொழிலாளிக்கோ ஒரு நாள் கூலி போனால் ஊருக்கு அனுப்பும் தொகையில் துண்டு விழும். டூர் நாளுக்குச் சம்பளம் உண்டா என்று அவன் கேட்கத் தயங்குகிறான். சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. கடையில் மிகக் கடினமான வேலை செய்கிற இரண்டு பேர் இல்லாமல்தான் பெரும்பாலான ‘குடும்பமாகப் போன’ டூர்ப் படங்கள் எடுக்கப்படுகின்றன.

உள்ளே சேர்ப்பது வேறு, உள்ளே இருக்க வழிசெய்வது வேறு என்பதற்கு இதே மாநிலத்தில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2017-ல் கொச்சி மெட்ரோ 23 திருநங்கை, திருநம்பியருக்கு வேலை கொடுத்தது. நாடே பாராட்டியது, பாராட்டத்தக்கதுதான். ஆனால் சில வாரங்களிலேயே எட்டுப் பேர் வேலையை விட்டார்கள், ஏனென்றால் நகரத்தில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க யாருமில்லை. அவர்களை விலக வைத்தது வேலை நேரத்துக்கு வெளியே இருக்கும் வாழ்க்கை. டூரும் அப்படித்தான், வேலை நேரத்துக்கு வெளியே நடப்பது. நாற்காலி கொடுத்தாயிற்று என்று நிறுவனம் கண்ணை மூடிக்கொள்ளும் இடமும் அதுதான்.

பூங்காவும் ஒரு பணியிடம் என்பதைப் போகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1955-ல் கலிஃபோர்னியாவில் திறந்த உலகப் புகழ்பெற்ற டிஸ்னிலேண்ட், தொடக்க ஆண்டுகளிலிருந்தே ஊழியரின் தோற்றத்துக்குக் கடுமையான விதிகள் வைத்திருந்தது. 1992-ல் பாரிஸ் அருகே திறந்தபோது, தாடி, ஒப்பனை பற்றிய அந்த விதிகளைப் பிரெஞ்சுத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன; சாப்பாட்டோடு ஒயின் கிடையாது என்ற விதியை மறு ஆண்டே தளர்த்த வேண்டியதாயிற்று. 2021-ல் டிஸ்னி தன் பூங்கா ஊழியர்களுக்கான நான்கு அடிப்படை நெறிகளோடு ‘அனைவரையும் உட்படுத்துதல்’ என்ற ஐந்தாவதைச் சேர்த்தது, பச்சை குத்தியது வெளியே தெரியவும் அனுமதித்தது. மறு ஆண்டு, பாலினம், பாலின ஈர்ப்பு பற்றி வகுப்பில் பேசுவதைக் கட்டுப்படுத்திய ஃபுளோரிடாவின் கல்விச் சட்டம் ஒன்றைக் கண்டிக்க நிறுவனம் தயங்கியபோது, ஊழியர்களே வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ‘பூங்காவுக்குப் போவது அரசியல்’ என்று ஒரு சாராரும், ‘விளையாட்டில் ஏன் இதையெல்லாம் கொண்டுவருகிறீர்கள்’ என்று இன்னொரு சாராரும் அமெரிக்க அலுவலகங்களில் மோதிக்கொள்கிறார்கள்.

நமக்குப் பழக்கமான காட்சி சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. வி.ஜி.பி. பூங்காவின் சிலை மனிதர். ராஜா உடையில் மீசையும் தலைப்பாகையுமாக மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார். அவர் முகத்துக்கு முன்னால் கையாட்டி, கேலி பேசி, எப்படியாவது சிரிக்க வைக்கப் பார்ப்பது பல ஆண்டுகளாகக் குழந்தைகளின் விளையாட்டு. உட்காரும் உரிமைக்காகப் பெண்கள் போராடிய அதே தென்னாட்டில், அசையாமல் நிற்பதையே வேலையாகக் கொண்ட ஒருவரைப் பார்த்து நாம் கைதட்டியிருக்கிறோம். அவர் திறமையை நான் மதிக்கிறேன். அவர் எதிரே நின்று சீண்டுவதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதை மதிக்க முடியவில்லை.

வேறு மாதிரியான பூங்கா திருவனந்தபுரத்திலேயே உண்டு. மாயாஜாலக் கலைஞர் கோபிநாத் முதுகாடு 2014-ல் கழக்கூட்டத்தில் தொடங்கிய மேஜிக் பிளானட்டிலும், அங்கே பின்னாளில் வளர்ந்த டிஃபரண்ட் ஆர்ட் சென்டரிலும் அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள இளைஞர்கள் மேடையில் மாயாஜாலமும் இசையும் நிகழ்த்துகிறார்கள். சாலைக் கடைத்தெருவிலிருந்து சிட்டி பஸ்ஸில் போய்விடலாம். யாரும் நனைய வேண்டாம், உட்கார்ந்து பார்க்கலாம். டூருக்கு இடம் தேடும் கடைக்காரர்களுக்கு இதை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

இத்தனை கருத்தையும் வைத்துப் பார்த்தால், எந்த இடம் என்று வாக்கெடுப்பு நடத்துவது இதற்குத் தீர்வாகாது. பெரும்பான்மை எப்போதும் இளைஞர்களிடம் இருக்கும், வண்டர்லா ஜெயிக்கும், சேச்சி மறுபடியும் தராசைத் துடைக்கப் போவார். கூட்டத்தில் கேட்காமல் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘எங்கே போகலாம்’ என்று கேட்பதற்கு முன் ‘எது இருந்தால் வரமுடியாது’ என்று கேட்க வேண்டும். டூர் நாளுக்குச் சம்பளம் உண்டு என்பதை எல்லார் மொழியிலும் சொல்ல வேண்டும். வராதவருக்கு அந்தத் தலைக்கான தொகையும் ஒரு நாள் விடுப்பும் கொடுத்துவிட வேண்டும், காரணம் கேட்காமல். இப்படிச் செய்து பாருங்கள், பொய்யான தலைவலிகள் பாதி மறைந்துவிடும்.

நாள் குறிப்பதிலும் இதே கவனம் தேவை. கடைக்கு வசதி ஞாயிறு. மார்த்தாண்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது சர்ச்சு நாள். நோன்பு மாதத்தில் போனால் பகல் முழுக்கப் பட்டினியோடு ஒருவர் மற்றவர்களின் பையைக் காத்துக்கொண்டிருப்பார். ஆற்றுக்கால் பொங்காலைக்கும் பீமாபள்ளி உரூஸுக்கும் திருவனந்தபுரத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு. தைப்பொங்கலுக்கும் எல்லையோர மாவட்டங்களோடு சேர்த்து விடுமுறை விடுகிறார்கள். அந்த நாட்களில் அவரவருக்கு அவரவர் வீட்டில் வேலை இருக்கும். வங்காளிப் பையன் துர்கா பூஜைக்கோ ஈத் பெருநாளுக்கோ ஊருக்குப் போகும் மாதம் எது என்று முதலாளிக்குத் தெரியும். ஊர் டிக்கெட்டுக்கு அவரிடம்தான் அவன் முன்பணம் கேட்பான். ஓணத்துக்கு போனஸ் கொடுக்கும் வாரத்திலேயே, அந்த மாதத்தைத் தவிர்த்து ஒரு தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துவிடலாம்.